பயறுக் கஞ்சியா, மாத்திரை டப்பாவா?

சென்ற மாதம் குளச்சல் பக்கமிருந்து ஒரு பாட்டி தன் மகனை அழைத்துக்கொண்டு நாகர்கோவிலில் உள்ள என் அறைக்கு வந்தார். மகனுக்குப் பெருங்குடல் புற்றுநோய்; அறுவை சிகிச்சை முடிந்து கீமோதெரபி நடக்கிறது. புற்றுநோயாளிகளுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. பாட்டி பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். "குடலுக்கு நல்ல கிருமியாம் மக்களே. தின்றால் எதிர்ப்புச் சக்தி ஏறும் என்றார்கள்." அந்த மாத்திரையை வாங்குவதற்காக வீட்டில் பயறும் பழமும் வாங்குவதையே நிறுத்தியிருந்தார்கள். அதைக் கேட்டபோது மனம் பதறிவிட்டது.

நல்ல கிருமி என்பது பொய்யல்ல. நம் பெருங்குடலில் லட்சம் கோடிக் கணக்கில் நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்துதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதைப் புளிக்கவைத்து அவை பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகின்றன. குடல் சுவரின் செல்கள் அதையே எரிபொருளாக எடுத்துக்கொள்கின்றன. சுவர் இறுக்கமாக நிற்கிறது. தேவையில்லாமல் கொதித்தெழும் நோயெதிர்ப்புச் செல்களும் அடங்குகின்றன. நார்ச்சத்து கிடைக்காதபோது சில நுண்ணுயிர்கள் குடலைக் காக்கும் சளிப்படலத்தையே தின்னத் தொடங்குவதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள்.

கெடுதல் செய்கிற கிருமிகளும் உண்டு. இரைப்பையில் தங்கும் ஹெலிகோபாக்டர் பைலோரியை 1994-இலேயே புற்றுநோய்க் காரணியாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்தது. அதைக் கண்டறிந்த பாரி மார்ஷலும் ராபின் வாரனும் 2005-இல் நோபல் பரிசு பெற்றார்கள். உப்பு மிகுந்த உணவு அந்தக் கிருமி செய்யும் சேதத்தைக் கூட்டும். அதனால் கருவாடு தினமும் தட்டில் இருக்கிற வீடுகளில் நான் அளவைக் குறைக்கச் சொல்கிறேன்.

பாட்டியின் டப்பாவுக்கு வருகிறேன். 2021-இல் வெளியான ஓர் ஆய்வு, மெலனோமா என்ற தோல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி, அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியைப் புற்றுநோய்க்கு எதிராகத் தூண்டும் சிகிச்சை, எடுத்தவர்களைக் கவனித்தது. நாளொன்றுக்கு 20 கிராமாவது நார்ச்சத்து உண்டவர்களுக்கு நோய் முற்றாமல் இருந்த காலம் நீண்டது. புரோபயாடிக் என்ற நல்ல கிருமி மாத்திரை எடுக்காமல் நார்ச்சத்து உண்டவர்களிடம் இந்தப் பலன் இன்னும் தெளிவாகத் தெரிந்தது. காரணம் இதுதான் என்று நிரூபிக்கிற ஆய்வல்ல அது. ஆனாலும் காசைப் பயறில் போடுவதா, டப்பாவில் போடுவதா என்ற கேள்விக்கு என் பதில் அதற்குப் பிறகு மாறவில்லை. காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும் சீட்டில்லாமல் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கி விழுங்குகிறவர்கள், நல்ல கிருமிகளையும் சேர்த்தே அழிக்கிறார்கள்.

நம் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். மரச்சீனி என்கிற மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் அருமையான சாப்பாடு. ஆனால் மரச்சீனி பெரும்பாலும் மாவுதான். நார்ச்சத்து கிடைக்க அதன் பக்கத்தில் பயறும் வேண்டும். வேகவைக்காத 50 கிராம் சிறுபயறில் சுமார் 8 கிராம் நார்ச்சத்து இருக்கிறது. முருங்கைக்கீரைத் தோரனும் பழமும் சேர்ந்தால் 20 கிராம் எட்டாத தூரமில்லை.

"அப்படியென்றால் பழஞ்சி கொடுக்கட்டுமா?" என்று பாட்டி ஆசையாகக் கேட்டார். இப்போது வேண்டாம் என்றேன். கீமோவில் தொற்றைத் தடுக்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும்போது, இரவெல்லாம் ஊறிய சோற்றில் வளர்கிற கிருமி எது என்று நமக்குத் தெரியாது. உயிருள்ள கிருமி மாத்திரையும் அந்த நேரத்தில் ரத்தத் தொற்றை உண்டாக்கலாம். சுடச்சுட வடித்த கஞ்சி போதும். வயிற்றுப்போக்கு இருந்தாலும், குடலில் தையல் ஆறாமல் இருந்தாலும் பயறைக்கூட நிறுத்திவைத்து, மருத்துவர் சொன்ன பிறகு சிறிது சிறிதாகத் தொடங்க வேண்டும். நலமாக இருக்கிறவர்கள் தாராளமாகப் பழஞ்சி குடிக்கலாம்.

கிளம்பும்போது மகன் ஒன்றைச் சொன்னார். மலத்தில் ரத்தம் வந்ததை மூலம் என்று நினைத்து, எட்டு மாதம் களிம்பு வாங்கிப் போட்டிருக்கிறார். எந்தக் கஞ்சியாலும் அந்த எட்டு மாதத்தைத் திருப்பித் தர முடியாது. மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் மாறிய மலப்பழக்கம், காரணமில்லாத எடைக்குறைவு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபி வேண்டுமா என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள்.