பேரிடருக்குப் பின் மனம் அசைபோடுவது ஏன்?

1989 அக்டோபர் 17 அன்று கலிஃபோர்னியாவை லோமா பிரியேட்டா நிலநடுக்கம் உலுக்கியது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் உளவியலாளர் சூசன் நோலன்-ஹோக்செமா, ஸ்டான்ஃபோர்டு மாணவர்களிடம் ‘மனம் சரியில்லாதபோது என்ன செய்வீர்கள்?’ என்று கேட்டுப் பதிவு செய்திருந்தார். பேரிடர் ஆய்வில் இப்படிப் பேரிடருக்கு முன்பே எடுத்த பதிவு கிடைப்பது அபூர்வம். 10 நாள் கழித்தும் 7 வாரம் கழித்தும் மறுபடி கேட்டபோது, சோர்வையே நினைத்து அசைபோடும் பழக்கம் முன்பே இருந்தவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாக இருந்தது. நிலநடுக்கத்துக்கு முன்பே இருந்த சோர்வைக் கணக்கில் கழித்த பிறகும் இதே முடிவுதான்.

அசைபோடுவது யோசிப்பதைப் போலவே தோன்றும். சிக்கலே அங்கேதான். வெள்ளத்தில் வீடு மூழ்கியவர் ‘ஏரி திறக்குறாங்கன்னு சொன்னப்பவே ஏன் கிளம்பல?’ என்று நூறு முறை கேட்டுக்கொள்கிறார். அந்த ‘ஏன்’-க்கு விடை கிடையாது. மனம் சோர்ந்திருக்கும்போது சோகமான நினைவுகளே எளிதில் மேலே வரும். அவை சோர்வைக் கூட்டும், மறுபடி ‘ஏன்’. ‘நனைந்த ரேஷன் கார்டுக்கு நாளை எங்கே மனு கொடுப்பது?’ என்ற கேள்விக்கோ முடிவு உண்டு.

நினைக்காதே என்று அதட்டினால் நினைப்பு இன்னும் பலமாகத் திரும்பும். அதற்கு ஒரு நேரம் ஒதுக்குவது மேல்: தினமும் மாலை 5 மணிக்கு 20 நிமிடம், கையில் பேனாவும் தாளும். மற்ற நேரத்தில் வந்தால் ஒரு வரி குறித்துவிட்டு, கையிலிருக்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். படுக்கப் போகும் நேரத்தில் மட்டும் வேண்டாம்.

நிவாரண முகாமில் இரவெல்லாம் விளக்கு எரியும், சாப்பாடு வந்தபோது வரும், பகலில் வேலை இருக்காது. வெளிச்சமும் சாப்பாட்டு வேளையும் பார்த்தே உடலின் கடிகாரம் ஓடுகிறது. அது குழம்பினால் தூக்கம் கெடும், அசைபோட இரவு முழுவதும் கிடைத்துவிடும். அதனால் படுக்கும் நேரத்தைவிட எழும் நேரத்தைப் பிடியுங்கள். தூங்காவிட்டாலும் காலை 6 மணிக்கு எழுந்து அரைமணி வெயிலில் நிற்பது போதும்.

வேலையையும் சிறிதாகவே தொடங்க வேண்டும். வீடு முழுக்கச் சேறு அள்ளக் கிளம்பியவர் மதியத்துக்குள் உட்கார்ந்துவிடுவார். இன்று அலமாரியின் ஒரு தட்டு என்றால் முடியும். தூக்கத்துக்கென்று மது குடிப்பது பின்னிரவில் எழுப்பிவிடும். வெள்ளக் காட்சிகளைக் கைபேசியில் திரும்பத் திரும்பப் பார்ப்பதும் அசைபோடுவதுதான்.

ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவும் திடுக்கிடலும் குறையாவிட்டால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். அரசின் மனநலத் தொலைபேசி உதவி சேவையான டெலி மானஸ் எண் 14416, கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.