மில் வேனும் பணியிடம்தான்

உசிலம்பட்டி, வாடிப்பட்டி, நிலக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் விடிவதற்கு முன்பே மில் வேன் வந்து நிற்கிறது. தூக்குவாளியோடு பெண்கள் ஏறிக்கொள்கிறார்கள். அந்த வேனுக்குள் ஒரு சூப்பர்வைசர் தகாத வார்த்தை பேசினால், தோளில் கை வைத்தால், "கேட்டுக்கு வெளியே நடந்தது, எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று நிர்வாகம் சொல்ல முடியுமா? முடியாது. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க 2013-ல் வந்த சட்டம், நிர்வாகம் ஏற்பாடு செய்யும் வாகனத்தையும் பணியிடம் என்றே கொள்கிறது.

பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் எதுவானாலும் உள்ளகப் புகார் குழு இருந்தாக வேண்டும். இல்லையென்றால் 50,000 ரூபாய் வரை அபராதம். குழுவின் தலைவர் அங்கேயே மூத்த பொறுப்பில் இருக்கும் பெண். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். நிர்வாகத்தைச் சேராத வெளி உறுப்பினர் ஒருவர் கட்டாயம். உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் முதலாளியிடம் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதால், என் கணக்கில் குழுவின் உயிரே இந்த வெளி உறுப்பினர்தான்.

புகாரை எழுத்தில் தர வேண்டும், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் வரை நீட்டிக்கலாம். ஆறு பிரதிகள் வேண்டும் என்கிறது விதி. ஜெராக்ஸ் எடுக்கும்போதே நினைவில் வையுங்கள். எழுதத் தெரியாது என்று திருப்பி அனுப்ப முடியாது, எழுத உதவுவது குழுவின் கடமை. விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை அந்த ஆளின் முகத்தில் விழிக்க முடியாது என்றால், இடமாற்றம் கேட்கலாம். வழக்கமான விடுப்பு போக மூன்று மாதம் வரை கூடுதல் விடுப்பும் கேட்கலாம். பரிந்துரைப்பது குழு, செயல்படுத்த வேண்டியது நிர்வாகம்.

நம் பக்கத்தில் இந்த இடத்தில்தான் கதை மாறும். ஊர்ப் பெரியவர் இரண்டு பேர் வீட்டுக்கு வருவார்கள். "பொம்பளைப் பிள்ளை விஷயம், பேசி முடித்துக்கொள்ளலாம்" என்பார்கள். கையில் ஒரு கவரும் இருக்கும். சமரசத்துக்குச் சட்டத்தில் இடமுண்டு. ஆனால் அந்தப் பெண்ணே கேட்டால்தான். பணத்தை அடிப்படையாக வைத்துச் சமரசம் செய்யவே கூடாது.

புகார் முதலாளி மீதே என்றாலோ, பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை பார்க்கும் பட்டறை என்றாலோ, மாவட்ட அளவில் உள்ளூர் புகார் குழு இருக்கிறது. மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் விசாரிக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

நமக்கு இந்த ஒரு சட்டம்தானா, உலக அளவில் ஒன்றும் இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. சர்வதேச தொழிலாளர் அமைப்பு 1919-ல் தொடங்கியபோதே இந்தியா அதில் உறுப்பினர். 'கண்ணியமான வேலை' என்பதை அந்த அமைப்பு தன் இலக்காக முன்வைத்தது 1999-ல். 2019-ல் அது நிறைவேற்றிய 190-வது உடன்படிக்கை, வேலையிட வன்முறையையும் துன்புறுத்தலையும் பற்றியது. நம் சட்டம் நிர்வாகத்தின் வாகனத்தோடு நிற்கிறது. உடன்படிக்கையோ வேலைக்குப் போய்வரும் வழியையே சேர்த்துக்கொள்கிறது. அரசுப் பஸ்ஸில் வருகிற பெண்ணும் அதில் அடக்கம். நிர்வாகம் தரும் தங்குமிடத்தையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஹாஸ்டலில் தங்கி நூற்பாலையில் வேலை செய்கிற பெண்களுக்கு இது சின்ன விஷயமில்லை. ஆனால் இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்று உறுதிசெய்யவில்லை. ஆகவே அதைக் காட்டி மில் வாசலில் எதையும் கேட்க முடியாது.

கேட்க முடிந்த வேறொரு வழி நம் பக்கத்திலேயே பிறந்தது. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலையில் வேலை பார்த்த தலித் இளம்பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அவருடைய சூப்பர்வைசர் கைதானார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் போராடியது. வெளிநாட்டுத் தொழிலாளர் அமைப்புகள் துணைக்கு வந்தன. ஆலைக்குள் பெண்கள் துன்புறுத்தப்படுவதைத் தடுக்க, 2022 ஏப்ரலில் கையெழுத்தானது திண்டுக்கல் ஒப்பந்தம். ஆலை நிர்வாகம் ஒரு பக்கம் சங்கத்தோடு ஒப்புக்கொண்டது. அங்கே சட்டை வாங்கும் எச் அண்ட் எம், பின்னர் கேப், பி.வி.எச் ஆகிய நிறுவனங்களும் தனியே கையெழுத்திட்டன. ஒப்பந்தம் சொன்னது இதுதான்: தொழிலாளர்களிலிருந்தே சங்கம் தேர்ந்தெடுக்கும் பெண்கள் தையல் லைனுக்குள் நடப்பதைக் கவனிப்பார்கள். ஒப்பந்தத்தை ஆலை மீறினால் வாங்கும் நிறுவனங்கள் ஆர்டரைக் குறைக்க வேண்டும். 'பையர் ஆடிட்', அதாவது வாங்கும் நிறுவனம் ஆலையைச் சோதிக்க வருகிற நாள் அன்று மட்டும் கழிவறை பளபளப்பதையும், முதலுதவிப் பெட்டியில் புது மருந்து வருவதையும் பார்த்துச் சலித்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

இது எல்லா ஆலைக்கும் பொருந்தாது. கையெழுத்திட்டவர்களை மட்டுமே கட்டும். மற்ற இடங்களில் 2013 சட்டம்தான் கைப்பிடி. குழு உறுப்பினர்களின் விவரத்தைக் கண்ணில் படும்படி ஒட்டி வைக்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. ஒரு தையல் ஆலையில் அந்தத் தாளைத் தேடிப் பார்த்தேன். ஆங்கிலத்தில் அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு அழகாகத்தான் மாட்டியிருந்தார்கள். வெளி உறுப்பினரின் தொலைபேசி எண் இருந்த இடத்தை மறைத்துக்கொண்டு தீயணைப்பு உருளை தொங்கியது. நாளை ஷிப்டுக்குப் போகும்போது உங்கள் ஆலையில் அந்தத் தாள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அந்த எண்ணை ரேஷன் கார்டின் பின்பக்கத்திலாவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.