ஏற்புறுதி: ‘அங்கீகாரம்’ அல்ல, ‘பின்னேற்பு’ம் அல்ல

நவம்பர் 26 வந்துவிட்டால் தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்துக் கல்லூரி வாசல்களில் இப்படி ஒரு பதாகை கண்ணில் படுகிறது: ‘இந்திய அரசியலமைப்புக்கு அங்கீகாரம் கிடைத்த நாள்’. மேடை ஏறுகிறவரும் அதையே சொல்கிறார். கிடைத்தது என்றால் கொடுத்தது யார்?

யாரும் கொடுக்கவில்லை. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை தான் எழுதியதைத் தானே ஏற்றுக்கொண்டது. சபைத் தலைவர் ராஜேந்திர பிரசாத் கையெழுத்திட்டார். கவர்னர் ஜெனரலின் இசைவுக்கு அது போகவில்லை. மாகாணங்களின் வாக்குக்கும் போகவில்லை. மக்களிடம் பொதுவாக்கெடுப்பும் நடக்கவில்லை. மேலே ஒருவர் இருந்து சம்மதிக்க வேண்டும் என்ற நிலையே கூடாது என்றுதான் அப்படிச் செய்தார்கள். முகப்புரையும் ‘நமக்கு நாமே வழங்கிக்கொள்கிறோம்’ என்றுதான் முடிகிறது. குடியுரிமை, தேர்தல் ஆணையம் பற்றியவை உள்ளிட்ட சில உறுப்புகள் அன்றே நடைமுறைக்கு வந்தன. மற்றவை 1950 ஜனவரி 26இல் வந்தன. இதில் நடந்தது ‘ஏற்பு’. ஒருவர் எழுதிக் கொடுத்ததை இன்னொருவர் ஏற்று உறுதிசெய்தால்தான் செல்லும் என்ற படிக்கு ஆங்கிலத்தில் ‘ரேட்டிஃபிகேஷன்’ என்று பெயர்; அதைத்தான் ‘ஏற்புறுதி’ என்கிறேன். அந்தப் படியே நம் அரசியலமைப்பின் பிறப்பில் கிடையாது. பள்ளிக்கு அங்கீகாரம், கட்சிக்கு அங்கீகாரம் என்று மேலிடம் கீழிடத்துக்கு வழங்கும் ஒன்றை அதன் தலையில் ஏற்றுவது அந்தச் சபை செய்த காரியத்தையே சிறுமைப்படுத்துகிறது.

அந்தப் படி இருக்கும் நாடுகள் வேறு. அமெரிக்காவில் 1787 செப்டம்பர் 17இல் ஆவணம் தயாராகிக் கையெழுத்தும் ஆகிவிட்டது. ஆனாலும் அது வெறும் தாள்தான். 13இல் 9 மாநிலங்களின் மாநாடுகள் ஏற்றால்தான் செல்லும் என்று அதன் 7ஆம் உறுப்பே சொன்னது. 1788 ஜூன் 21இல் நியூ ஹாம்ப்ஷயர் ஒன்பதாவதாக வந்த பிறகே அதற்கு உயிர் வந்தது. கடைசியாக ரோட் ஐலண்ட் ஏற்றது 1790இல். பிரான்ஸ் 1958இல் தன் அரசியலமைப்பை மக்கள் வாக்கெடுப்புக்கு விட்டது.

‘ரேட்டிஃபிகேஷன்’ என்ற சொல்லின் வேர் லத்தீன். ‘ராட்டுஸ்’ என்றால் உறுதிப்பட்டது. அதோடு ‘செய்’ என்னும் வினை சேர்ந்து ‘உறுதியாக்கு’ என்றாயிற்று. ஏற்பு, உறுதி இரண்டும் சேர்ந்த ‘ஏற்புறுதி’ அந்த வேருக்கும் பொருந்துகிறது, செயலுக்கும் பொருந்துகிறது.

இதற்குப் போட்டியாக நிற்பது ‘பின்னேற்பு’. நல்ல தமிழ்தான், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அது எந்த இடத்துச் சொல் என்று பார்க்க வேண்டும். ஐப்பசி மழையில் வடிகால் உடைத்துக்கொண்டால் நகராட்சி மன்றம் கூடும்வரை யாரும் காத்திருப்பதில்லை. மண் மூட்டை அடுக்கி, ஆள் விட்டுத் தண்ணீரை வடித்துவிட்டு, அடுத்த கூட்டத்தில் அந்தச் செலவை ‘மன்றத்தின் பின்னேற்புக்கு’ வைப்பார்கள். வேலையும் முடிந்தது, பணமும் போயிற்று, சம்மதம் பிறகு வருகிறது. முகவர் கேட்காமல் செய்ததை முதலாளி பின்னால் ஒப்புக்கொள்வதும் இதே வகை. 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தில் அதற்கு இடம் உண்டு. ஆங்கிலத்தில் இதற்கும் ‘ரேட்டிஃபிகேஷன்’ என்றே பெயர் என்பதால், அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து அரசியலமைப்புக்கும் ஒட்டிவிடுகிறார்கள். அங்கே நிலைமை நேர்தலைகீழ். ஏற்புறுதிக்கு முன்னால் எதுவும் நடந்து முடிந்திருக்கவில்லை. நடந்ததற்குச் சம்மதம் சொல்வது பின்னேற்பு. நடப்பதற்கே வழிவிடுவது ஏற்புறுதி. ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால், அரசியலமைப்பு முதலில் அமலுக்கு வந்து மாநிலங்கள் பிறகு தலையாட்டின என்றுதான் மாணவர் விளங்கிக்கொள்வார்.

இந்த வேறுபாடெல்லாம் தமிழுக்குப் புதிது என்று யாரும் சொல்ல முடியாது. நாகப்பட்டினம் சூடாமணி விகாரத்துக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்த செப்பேட்டைப் பாருங்கள். அரசன் வாய்மொழியாகச் சொன்னது ஓலையில் ஏறுகிறது. அரசாணை ஓலைகளுக்குப் பொறுப்பான அதிகாரியாகிய ஓலைநாயகம் ‘ஒப்பு’ இடுகிறார். பிறகு அது ‘வரியிலிட’ப்படுகிறது, அதாவது வரிக் கணக்கில் பதிவாகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு சொல். ஒரு கிராமத்தைக் கொடுப்பதற்கே இவ்வளவு கவனமாக எழுதிய மொழி இது.

இன்றைய செய்தித் தமிழுக்கோ ‘ஒப்புதல்’ ஒன்றே போதும். 2016இல் சரக்கு, சேவை வரிக்கான 101ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வந்ததே, அதை எடுத்துக்கொள்வோம். நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கூட்டாட்சியைத் தொடும் திருத்தம் என்பதால் 368ஆம் உறுப்பின்படி பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்புறுதி செய்ய வேண்டும். அசாம் முதலில் செய்தது. செப்டம்பர் 8இல் குடியரசுத் தலைவர் ஏற்பிசைவு தந்தார். மூன்றும் மூன்று அதிகாரம். மாநிலங்கள் ஏற்புறுதி செய்யும் நடுப்படி சில திருத்தங்களுக்குத்தான் தேவை, எல்லாவற்றுக்கும் அல்ல என்பதே மாநில உரிமை பேசுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி. தலைப்புகளிலோ ‘மாநிலங்கள் ஒப்புதல்’, ‘குடியரசுத் தலைவர் ஒப்புதல்’, போதாததற்கு ‘அமைச்சரவை ஒப்புதல்’. எந்த ஒப்புதல் இல்லாவிட்டால் திருத்தம் செத்துப்போகும் என்று வாசகருக்கு எப்படித் தெரியும்?

போட்டித் தேர்வுக் கையேடுகள் இன்னும் மோசம். ஒரே பக்கத்தில் மேலே அங்கீகாரம், நடுவில் ஒப்புதல், கீழே பின்னேற்பு, மூன்றும் ஒன்றுக்கே. மொழிபெயர்த்தவர் ஆங்கில வாக்கியத்தைப் பார்த்தாரே தவிர, யார் யாருக்கு எதைச் செய்கிறார் என்று பார்க்கவில்லை. ‘ஏற்புறுதி கடினமான சொல்’ என்று அவர்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஏற்பும் உறுதியும் தெரியாத பத்தாம் வகுப்புப் பிள்ளை எங்கள் பக்கத்தில் இல்லை.