சில்லறை வாங்க மாட்டோம் என்று வங்கி சொன்னால்

முதலில் பின்னணி, சுருக்கமாக. 1990-களின் நடுவில் 1, 2, 5 ரூபாய் நோட்டுகள் அச்சிடுவதை நிறுத்திவிட்டு நாணயத்துக்கு மாறினார்கள். (நடுவில் ஒரு ரூபாயும் ஐந்து ரூபாயும் மறுபடி அச்சானது தனிக் கதை.) 2009-ல் பத்து ரூபாய் நாணயம் வந்தது, 2020-ல் இருபது ரூபாய் நாணயம். நோட்டு சீக்கிரம் கிழிந்துபோகும், நாணயம் பல வருடம் உழைக்கும் என்பதுதான் காரணம். அரசாங்கத்துக்கு இது லாபக் கணக்கு, அதில் தப்பில்லை. ஆனால் அந்த நாணயம் கடைசியில் போய்ச் சேருவது இட்லிக் கடையிலும், கீரைக்காரம்மா கூடையிலும், டீக்கடை டப்பாவிலும்தான். அங்கிருந்து வங்கிக்குத் திரும்பி வரும் வழியைத்தான் யாரும் ஒழுங்காகப் போட்டுக் கொடுக்கவில்லை.

இது ஏன் என்று புரிந்துகொண்டால் கவுண்டரில் நடப்பதும் புரியும். வங்கி மக்களுக்கு நாணயம் கொடுத்தால் ரிசர்வ் வங்கி அதற்கு ஊக்கத்தொகை தருகிறது. பை ஒன்றுக்கு 25 ரூபாயாக இருந்ததை 2022 செப்டம்பர் முதல் 65 ரூபாய் ஆக்கினார்கள். 2023-ல் க்யூ.ஆர். கோடை ஸ்கேன் செய்து பணம் கட்டினால் நாணயம் கொட்டும் இயந்திரத்தை 12 நகரங்களில் சோதனையாக வைக்கப்போவதாகவும் அறிவித்தார்கள். எல்லாம் நாணயத்தை வெளியே தள்ளும் ஏற்பாடு. திரும்ப வாங்குவதில் கேஷியருக்கு எண்ணும் வேலை, மேனேஜருக்கு இடப் பிரச்சினை. ஆகவே "காயின் எடுக்கிறதில்லைம்மா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள்.

அப்படிச் சொல்ல அவர்களுக்கு உரிமை இல்லை. எல்லா மதிப்பு நாணயங்களையும் வங்கிக் கிளைகள் வாங்க வேண்டும், கணக்கில் கட்டவும் சரி, மாற்றிக்கொள்ளவும் சரி என்று ரிசர்வ் வங்கி திரும்பத் திரும்பச் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. நாணயத்தை எடை போட்டு வாங்கலாம், அல்லது நூறு நூறாகப் பாலிதீன் பையில் போட்டு வாங்கலாம் என்றும், அந்தப் பைகளைக் கவுண்டரிலேயே வைத்திருக்கலாம் என்றும் 2018-ல் எழுதினார்கள். நான் பார்த்த கிளை எதிலும் அந்தப் பை கண்ணில் படவில்லை. பையை நீங்களே வாங்கிக்கொண்டு போவதுதான் புத்திசாலித்தனம்.

இனி முக்கியமான பொறி. 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரு கொடுக்கல் வாங்கலில் 1,000 ரூபாய் வரைக்கும்தான் சட்டப்படி செல்லும். ஐம்பது பைசா என்றால் பத்து ரூபாய் வரைக்கும். அதற்கு மேல் நாணயமாக வாங்கச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. சில கிளைகளில் இந்த வரியை மட்டும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அடுத்த வரியை விட்டுவிடுவார்கள்: வாடிக்கையாளர் கணக்கில் கட்டும் நாணயத்துக்கு உச்சவரம்பு கிடையாது, எவ்வளவு வேண்டுமானாலும் வங்கி வாங்கிக்கொள்ளலாம் என்பதுதான் ரிசர்வ் வங்கி தரும் விளக்கம். ஆனால் "வாங்கிக்கொள்ளலாம்" என்பதில் "வேண்டும்" இல்லை. அந்த இடுக்கில்தான் அவர்கள் தப்பிக்கிறார்கள்.

ஆகவே இடுக்கே கொடுக்காதீர்கள். பத்து ரூபாய் நாணயம் நூறு எண்ணி ஒரு பையில் போட்டால் சரியாக 1,000 ரூபாய். அந்த ஒரு பையை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள். சட்டத்தின் எல்லைக்குள் இருக்கிறது, எண்ணி முடிக்கவும் நேரம் ஆகாது. மறுக்க அவர்களுக்கு ஒரு காரணமும் மிஞ்சாது. மாதம் முழுக்கச் சேர்த்து ஒரே நாளில் சாக்கில் தூக்கிக்கொண்டு போனால், சட்டமும் முழுசாக உங்கள் பக்கம் நிற்காது, வரிசையில் பின்னால் நிற்பவர்களும் நிற்க மாட்டார்கள். ஒன்று, இரண்டு, ஐந்து, பத்து எல்லாவற்றையும் கலந்து கொட்டாதீர்கள். "பிரிச்சு எடுத்துட்டு நாளைக்கு வாங்க" என்று அனுப்புவதற்கு அதைவிட வசதியான சாக்கு அவர்களுக்குக் கிடைக்காது.

சலானில் நாணயத்தைத் தனி வரியில் எழுதுங்கள்: 10 ரூபாய் × 100. நோட்டோடு சேர்த்து மொத்தமாக எழுதிவிட்டு, அவர்கள் சில்லறையைத் தள்ளிவிட்டால் சலானை அடித்துத் திருத்த வேண்டிவரும். அப்புறம் மறுத்ததற்குச் சாட்சியே இருக்காது.

கட்டணம் கேட்டால் கவனியுங்கள். நடப்புக் கணக்குகளில் சில வங்கிகள் சில்லறை எண்ணுவதற்குக் கட்டணம் வைத்திருக்கின்றன. அது கட்டணப் பட்டியலில் அச்சாகியிருக்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஜன் தன் போன்ற அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால், கிளையில் பணம் கட்டுவது இலவசச் சேவைகளில் ஒன்று. தெருவோரம் கடை போடுபவருக்கு அந்தக் கணக்குதான் பெரும்பாலும் இருக்கும். கவுண்டரில் இதை யாரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள்.

பத்து ரூபாய் நாணய விவகாரம் தமிழ்நாட்டில் தனி ரோதனை. இதன் வேர் ஒரு வதந்தி. ரூபாய்க் குறி வருவதற்கு முன்னால் அடித்த நாணயத்தில் '10' என்ற எண்ணுக்கு மேலே பதினைந்து கோடுகள், குறி வந்தபின் அடித்ததில் பத்துக் கோடுகள். ஒன்று அசல், மற்றது போலி என்று எவரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டும் அசல்தான். பதினான்கு வடிவங்களில் வெளியிட்டிருக்கிறோம், எல்லாமே செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கி அறிக்கை விட்டது. 14440 என்ற இலவச எண்ணுக்கு அடித்தால் பதிவு செய்த குரலில் அதையே சொல்லும். 2022 பிப்ரவரியில் மாநிலங்களவையிலும் அமைச்சர் இதையே சொன்னார். ஆனாலும் கடைக்காரர் தலையை ஆட்டுகிறார். ஏன் என்று கேட்டுப் பாருங்கள்: "எனக்குத் தெரியும்ணே செல்லும்னு. நான் யார்கிட்ட தள்ளுறது? மொத்தக் கடையில வாங்க மாட்டேங்கிறான், பேங்க்ல வாங்க மாட்டேங்கிறான்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த 2022-ல்தான் தர்மபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் ஆறு லட்சம் ரூபாயைப் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்துக் கொண்டுபோய் சேலத்தில் கார் வாங்கினார். எல்லோரும் சிரித்தார்கள். ஷோரூம்காரர் ஆயிரத்துக்கு மேல் வாங்க மாட்டேன் என்று சொல்லியிருந்தால் அந்த மனிதருக்குச் சட்டத்தில் ஒரு பிடியும் இருந்திருக்காது.

இன்னொரு எச்சரிக்கை. "நாணயத்தை வாங்க மறுத்தால் தேசத்துரோக வழக்கு, ஏழு வருடம் ஜெயில்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவதை நம்பி கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நாணயச் சட்டத்தில் ஏழு வருடம் என்று இருப்பது நாணயத்தை உருக்குபவர்களுக்கும் அழிப்பவர்களுக்கும். கடையில் வாங்க மறுப்பதற்கு அப்படி ஒரு தண்டனை எழுதப்படவில்லை. காவல் நிலையத்துக்குப் போனால் பேசி அனுப்பிவிடுவார்கள், உங்களுக்கு அரை நாள் வீண். மல்லுக்கட்ட வேண்டிய இடம் வங்கிதான்.

கிழிந்த சின்ன நோட்டுக்கு வருவோம். இதில் ஏமாற்றப்படுவது அதிகம். பேருந்து நிலையம் பக்கம் "கிழிந்த நோட்டு மாற்றித் தரப்படும்" என்று பலகை வைத்து, நூறுக்கு இவ்வளவு என்று கழித்துக்கொண்டு தருகிறார்களே, அந்தத் தொழில் நடப்பதே வங்கிக் கவுண்டரில் விரட்டுவதால்தான்.

விதி எளிது. 20 ரூபாய் வரையுள்ள நோட்டில், கையில் இருக்கும் ஒரே பெரிய துண்டு மொத்தப் பரப்பில் பாதிக்கு மேல் இருந்தால் முழுப் பணம். பாதியோ அதற்குக் குறைவோ என்றால் ஒன்றும் கிடையாது. "பாதிக் காசு தர்றேன்" என்ற பேச்சே இந்த நோட்டுகளுக்கு இல்லை. அது 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ளவற்றுக்குத்தான். ஆகவே முக்கால்வாசி இருக்கும் பத்து ரூபாய்த் தாளுக்கு யாராவது ஐந்து ரூபாய் நீட்டினால் வாங்காதீர்கள்.

இரண்டாகக் கிழிந்த நோட்டைப் பற்றி இன்னும் மோசமான குழப்பம். இரண்டு துண்டும் ஒரே நோட்டுடையது, எதுவும் காணாமல் போகவில்லை என்றால் அது வெறும் அழுக்கு நோட்டுக் கணக்கில்தான் வரும். எந்த வங்கிக் கிளையிலும் கவுண்டரிலேயே மாற்றித் தர வேண்டும், கணக்கு இருக்கிறதா என்று கேட்கக் கூடாது. ஒரு நாளைக்கு 20 நோட்டு, 5,000 ரூபாய் வரைக்கும் கட்டணமும் கூடாது. ஆனால் வேறு வேறு நோட்டின் பாதிகளை டேப் போட்டு ஒட்டிக் கொண்டுபோனால் தள்ளிவிடுவார்கள், அதுதான் சரியும்கூட. கடையில் டேப் ஒட்டிய தாள் வந்தால் எண் இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று அங்கேயே பாருங்கள்.

துண்டு காணாமல் போன நோட்டு ஐந்து வரைக்கும் இருந்தால் சாதாரணக் கிளையிலேயே பார்த்து முடிவு சொல்ல வேண்டும். முடியவில்லை என்றால் ரசீது கொடுத்து வாங்கி, கரன்சி செஸ்ட் (ரிசர்வ் வங்கியின் பண இருப்புக் கிடங்கு) உள்ள கிளைக்கு அவர்கள்தான் அனுப்ப வேண்டும், உங்களை அனுப்பக் கூடாது. "மெயின் பிராஞ்ச் போங்க" என்பது ஐந்துக்கு மேல் போகும்போது மட்டுமே செல்லும் பதில். சிறு நிதி வங்கிகளும் பேமென்ட் வங்கிகளும் இப்படிச் சிதைந்த நோட்டை மாற்றித் தருவது அவர்கள் விருப்பம், அங்கே வாதாடிப் பயனில்லை. கரிந்தும் ஒட்டிப்போயும் உதிரும் நோட்டு ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அரசியல் வாசகம் எழுதிய நோட்டைத் தொடவே வேண்டாம், அதற்கு மதிப்பு கிடையாது. பேனாக் கிறுக்கல், கூட்டல் கணக்கு எழுதியது வேறு, அது செல்லும்.

இவ்வளவுக்குப் பிறகும் மறுத்தால் வாய்ச் சண்டை வேண்டாம், காகிதம் போடுங்கள். தேதி, நேரம், எந்தக் கவுண்டர், எத்தனை நாணயம், என்ன பதில் சொன்னார்கள் என்று நாலு வரி. கிளை மேலாளருக்கு என்று எழுதி இரண்டு பிரதி. ஒன்றில் சீல் கேளுங்கள். பாதிப் பேருக்கு இந்தக் கட்டத்திலேயே வேலை முடிந்துவிடும், ஏனென்றால் சீல் போட்ட கடிதம் கிளைக்குப் பிடிக்காது. நோட்டு, நாணயச் சேவையை மறுக்கும் கிளைக்கு 10,000 ரூபாய் அபராதம் போட ரிசர்வ் வங்கி விதியில் இடம் இருக்கிறது, அது மேனேஜருக்கும் தெரியும். சீல் போட மறுத்தால் ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள், அல்லது வங்கியின் இணையதளத்தில் புகார் பதிந்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் படியைத் தாண்டிக் குதித்து நேராக ஒம்புட்ஸ்மனுக்கு (வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி அதிகாரி) எழுதுகிறவர்கள் நிறைய. அப்படி வந்த புகாரைப் படித்துப் பார்க்காமலே மூடிவிடுவார்கள். முதலில் வங்கிக்கு எழுத்தில் புகார், 30 நாள் காத்திருப்பு, பதில் வராவிட்டால் அல்லது வந்த பதில் சரியில்லை என்றால்தான் ஒம்புட்ஸ்மன். ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார் இணையதளத்தில் போடலாம். கணினி வசதி இல்லாதவர்கள் சண்டிகரில் உள்ள மையத்துக்குத் தபாலில் அனுப்பலாம், தமிழிலேயே எழுதலாம். பணம் எதுவும் கட்ட வேண்டாம், வக்கீல் தேவையில்லை. சந்தேகம் இருந்தால் 14448-க்கு அழையுங்கள். வங்கிக்கு எழுதிய கடிதத்தின் நகலையும் சீல் அல்லது தபால் ரசீதையும் கட்டாயம் இணையுங்கள்.

30 நாள் காத்திருக்கும்போது அந்த நூறு நாணயத்தை என்ன செய்வது என்று கேட்பீர்கள். பேருந்தில் கொடுங்கள். நடத்துநர்கள் மறுக்கக் கூடாது என்று போக்குவரத்துக் கழகங்கள் உத்தரவு போட்டிருக்கின்றன, மறுத்தால் டிக்கெட்டில் உள்ள பேருந்து விவரத்தோடு பணிமனைக்குப் புகார் செய்யலாம்.