பச்சைத் துளைக்குள் ஒரு தராசு

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். இணைய வழியில் வீணை கற்றுத்தருபவர். ஒரு வாரமாக அவருடைய மேசைக் கணினியில் சத்தமே இல்லையாம். பாட்டு ஓடுகிறது, திரையில் ஒலியளவைக் காட்டும் கோடு ஏறி இறங்குகிறது, ஸ்பீக்கர் மட்டும் வாய் திறக்கவில்லை. சவுண்ட் கார்டு மதர்போர்டோடு சேர்ந்தது, ஆகவே மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்று பழுதுபார்க்கும் கடையில் சொல்லிவிட்டார்களாம். அவசரப்படாதீர்கள் அம்மா. ஏறி இறங்கும் அந்தக் கோடு நல்ல சாட்சி. ஒலி, எண்களாகச் சரியாகவே புறப்படுகிறது. வழியில் எங்கோ திசைமாறுகிறது.

எல்லோருக்கும் தெரிந்ததை முதலில் முடித்துவிடலாம். ஸ்பீக்கருக்கு மின்சாரம் வருகிறதா, அதன் வயர் பின்பக்கம் பச்சை நிறத் துளையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலி வெளியேறும் கருவியாக எச்டிஎம்ஐ வழி மானிட்டர் தேர்வாகியிருந்தால், ஸ்பீக்கர் இல்லாத மானிட்டருக்குப் போய்ச் சேரும் பாட்டை யாரும் கேட்க முடியாது. லினக்ஸ் என்றால் ஒலியளவைச் சரிசெய்யும் ஆல்சாமிக்சர் நிரலைத் திறந்து, பட்டைகளின் அடியில் 'எம்எம்' என்று இருக்கிறதா என்று பாருங்கள். அது ஊமையாக்கப்பட்டதன் அடையாளம். 'எம்' விசையைத் தட்டினால் நீங்கும். சவுண்ட் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை அழித்து மறுபடி நிறுவிப் பார்ப்பதும் நல்லதே.

வாசகியின் கடிதத்தில் வேறொரு வரிதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. 'வகுப்புக்காக முன்பக்கத்தில் ஹெட்போனைத் தினமும் ஐந்தாறு முறை செருகி எடுப்பேன்.'

ஹெட்போனைச் செருகியதும் ஸ்பீக்கர் தானாக அடங்குகிறதே, கணினிக்கு அது எப்படித் தெரிகிறது? துளைக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஓரமாக மெல்லிய உலோக இதழ்கள் தெரியும். ஹெட்போனின் முனை உள்ளே நுழைந்து இதழைத் தள்ள, அது ஒரு குட்டிச் சுவிட்சை மூடுகிறது. இதுவரை வியப்பில்லை. ஆனால் கணினியில் இப்படிப் பல துளைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுத்தால் ஒலிச் சில்லுக்குக் கால்கள் போதாது. 2004-இல் இன்டெல் வெளியிட்ட ஹை டெபனிஷன் ஆடியோ முறையில், ஒரே கம்பி நான்கு துளைகளுக்குக் காவல் நிற்கிறது.

ஒவ்வொரு சுவிட்சோடும் ஒரு மின்தடை: 39.2, 20, 10, 5.1 கிலோ ஓம். ஏறத்தாழ ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. சுவிட்சு மூடினால் அந்தத் தடை கம்பியோடு பக்க இணைப்பில் சேர்கிறது. பக்க இணைப்பில் தடைகளின் தலைகீழிகளைக் கூட்ட வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் படித்தோமே, அதை இங்கே போட்டுப் பாருங்கள். 39.2-இன் பங்கை 1 என்று வைத்தால், மற்றவற்றின் பங்கு ஏறக்குறைய 2, 4, 8. தராசில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு கிலோ எடைக்கற்களை வைப்பது போலத்தான். மொத்தம் ஆறு என்றால் இரண்டும் நான்கும் இருக்கின்றன. வேறு வழியே கிடையாது. பதின்மூன்று என்றால் எட்டு, நான்கு, ஒன்று. பதினாறு நிலைகள், பதினாறு வெவ்வேறு எடைகள். சில்லு ஒரே ஒரு முறை அளந்துவிட்டு எந்தெந்தத் துளையில் ஆள் இருக்கிறது என்று சொல்லிவிடும். பதினான்குக்கும் பதினைந்துக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் இந்தத் தடைகள் 1 சதவீதத் துல்லியத்தோடு இருக்க வேண்டும். 39.2 என்ற விசித்திர எண்ணும் அந்தத் துல்லிய வரிசையில் வருவதுதான். சுவிட்சுகளைக் கொண்டு எழுதிய இரும எண்ணை ஓம் விதி படித்துச் சொல்கிறது! இதை முதன்முதலில் புரிந்துகொண்ட நாளில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

பக்க இணைப்பு என்றால் நம் பிள்ளைகளுக்கு மதிப்பெண் கணக்கு மட்டும்தான் தெரியும். பழைய மதர்போர்டுகளை அலுவலகங்கள் எடைக்குப் போடுகின்றன. அவற்றில் பத்து, அரசுப் பள்ளி ஆய்வகம் ஒவ்வொன்றுக்கும் வந்தால் போதும். ஒரு மல்டிமீட்டரும் ஹெட்போனும் கொடுத்து இந்தக் கணக்கை அளந்து பார்க்கச் சொல்லலாம். இதற்குப் பெரிய நிதி ஒதுக்கீடு வேண்டியதில்லை, மனம் வேண்டும்.

வாசகிக்கு வருகிறேன். தினமும் தள்ளப்படும் இதழ் தளர்ந்துபோகும், அல்லது பஞ்சும் தூசியும் சேர்ந்து சுவிட்சு மூடியே கிடக்கும். ஹெட்போனை எடுத்த பிறகும் தராசில் எடைக்கல் இருக்கிறது. செருகியிருப்பதாகவே நம்பும் கணினி, ஆளில்லாத முன்துளைக்குப் பாட்டை அனுப்பிக்கொண்டிருக்கும். போன ஆண்டு என் கணினியிலும் இதேதான் நடந்தது. ஹெட்போனைப் பத்துப் பதினைந்து முறை செருகிச் செருகி எடுத்தேன். கடைசியில் 'டிக்' என்று இதழ் விலகியது விரலில் தெரிந்தது, மறுகணம் ஸ்பீக்கர் பேசியது.

அதற்கும் அசையவில்லை என்றால் கணினியை அணைத்து, மின்சார வயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறங்கள். முன்பலகையிலிருந்து வரும் ஒலி வயர் மதர்போர்டில் ஒன்பது ஊசிகள் மேல் உட்கார்ந்திருக்கும். பத்து இடங்களில் எட்டாவது ஊசியின் இடம் மட்டும் காலியாக இருக்கும். அந்த வயரைக் கழற்றிவிட்டுக் கணினியை இயக்குங்கள். 1997-இன் ஏசி97 முறைப் பழைய போர்டாக இருந்தால் இதைச் செய்யாதீர்கள். அதில் ஒலி முன்துளை வழியாகச் சென்று திரும்பித்தான் பின்பக்கம் வரும். உங்களுடையது புதியது என்றால் தராசு காலியாகிவிடும். பின்பக்கம் பாட்டு வந்தால் மதர்போர்டுக்கு ஒன்றுமில்லை, முன்பலகைத் துளையை மட்டும் மாற்றினால் போதும். வராவிட்டால் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. வகுப்பை அதில் நடத்தலாம். முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.