மரமில்லாத தீவில் இறங்கும் பறவைகள்

ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஆர்க்னிக்கும் ஷெட்லாண்டுக்கும் நடுக்கடலில் தனியாகக் கிடக்கிறது ஃபேர் ஐல். நீளம் ஐந்து கிலோமீட்டர்கூட இருக்காது. மரங்கள் இல்லை என்றே சொல்லலாம். காற்று மட்டும் ஓய்வதில்லை. செப்டம்பர் கடைசியில் பறவை பார்க்க அங்கே போகிறவர்கள் விடிந்ததும் காற்றின் திசையைத்தான் பார்ப்பார்கள். மேற்குக் காற்று என்றால் முகம் வாடிவிடும். தென்கிழக்கிலிருந்து அடித்து, கூடவே தூறலும் இருந்தால் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார்கள்.

காரணம், முந்தைய இரவில் இருக்கிறது. ஸ்காண்டிநேவியாவின் சிறு பறவைகள் வானம் தெளிந்த மாலையில் தெற்கே கிளம்புகின்றன. சூரியன் மறைந்த திசை, விண்மீன்கள், பூமியின் காந்தப்புலம் எல்லாம் அவற்றுக்கு வழிகாட்டி. நடுவழியில் மேகமும் மழையும் சூழ்ந்தால் விண்மீன்கள் மறைந்துபோகும். தென்கிழக்குக் காற்று மேற்கே தள்ளிக்கொண்டே போகும். கீழே இருட்டில் கடல் மட்டுமே இருப்பதால், தள்ளப்படுவதும் தெரியாது. விடியும்போது கண்ணில் படுகிற ஒரே தரை இந்தத் தீவு. பிடித்துப்போய் இறங்குவதில்லை, வேறு போக்கில்லாமல் இறங்குகின்றன.

கோல்ட்கிரெஸ்ட் என்ற குருவியின் எடை 5 அல்லது 6 கிராம்தான். நார்வேயிலிருந்து 350 கிலோமீட்டருக்கும் மேல் அது கடலைக் கடந்து வந்தாக வேண்டும். உடம்பில் சேர்த்த கொழுப்புதான் எரிபொருள். அது தீரத் தீர, சிறகை அசைக்கும் மார்புத் தசையையே உடல் கரைக்கத் தொடங்குகிறது. வந்து இறங்கிய குருவி நம் காலடியிலேயே பூச்சி பொறுக்குவதைப் பார்த்தால், பழகிய பறவை என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அது பசி. படம் எடுப்பதற்காக அதைத் திரும்பத் திரும்பக் கிளப்பிவிடுவதை என்னால் ஏற்க முடியாது.

மரமில்லாததால் பறவைகள் கற்சுவர் ஓரங்களிலும் ஓடைப் பள்ளங்களிலும் ஒதுங்குகின்றன. 1948இல் இங்கே தொடங்கிய ஆய்வு நிலையம், புனல்போல் குறுகிச் செல்லும் பெரிய கம்பிவலைக் கூண்டுகளில் அவற்றைப் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையமிட்டு விடுகிறது.

சைபீரியப் பறவைகளும் வருகின்றன. அதுதான் பெரிய வியப்பு. அவற்றில் ஒன்றான ரிச்சர்ட் நெட்டைக்காலி என்ற சிறு பறவை குளிர்காலத்துக்குத் தெற்காசியா போக வேண்டியது. மேற்கே வருபவை வழிதவறியவை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். ஆனால் தெற்கு பிரான்சில் குளிர்காலம் கழித்த சில பறவைகள் மறு ஆண்டும் அங்கேயே திரும்பி வந்ததை 2021இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படியானால் அவற்றுக்கு இது தவறிய வழியல்ல, வழக்கமான வழி. அதே இனத்தின் மற்றப் பறவைகள் அந்த மாதங்களில் தென்னிந்தியப் புல்வெளிகளில் நிமிர்ந்து நடந்து பூச்சி தேடிக்கொண்டிருக்கும்.