"இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்படி"ன்னு எழுதி கையெழுத்து போடாதீங்க

இந்த ரெண்டு மாசத்துல இது மூணாவது கேஸ். அதே வார்த்தை, அதே சண்டை. பொறுக்க முடியாமத்தான் உக்காந்து எழுதறேன்.

சாஃப்ட்வேர் சர்வீஸ் கம்பெனிகளோட கான்ட்ராக்ட்டை படிச்சுப் பாத்து ஓட்டையை சொல்றது என் வேலை. அதுக்கு முன்னாடி பல வருஷம் இன்டக்ரேஷன் டெவலப்பரா, அதாவது ஒரு சிஸ்டத்தை இன்னொண்ணோட இணைக்கற வேலைல, இருந்ததால டெக்னிக்கல் அனெக்சரும் (கான்ட்ராக்ட்டோட வர்ற டெக்னிக்கல் இணைப்பு) என் டேபிளுக்கே வரும். ஆனா பாதிக்கு மேல கையெழுத்து போட்டு, வேலை ஆரம்பிச்சு, அடிச்சுக்கிட்ட பிறகுதான் வருது. அதுதான் வயித்தெரிச்சல்.

கடைசியா வந்தது இது. ஒரு இன்சூரன்ஸ் கிளையன்ட், சென்னை ஓஎம்ஆர் ரோட்டுல அவங்களுக்கு வேலை செஞ்சு குடுக்கற ஒரு சாஃப்ட்வேர் வெண்டர். கிளெயிம் விவரம் ரெண்டு சிஸ்டத்துக்கும் நடுவுல போய் வரணும். அனெக்சர்ல அதுக்கு ஒரே வரி: "வெப் சர்வீஸ், இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட் சோப் புரோட்டோகால்படி." சோப்ங்கறது ரெண்டு சிஸ்டம் எக்ஸ்எம்எல்ல செய்தி பரிமாறிக்கற விதிமுறை, அதுல வெர்ஷன் உண்டு. வெண்டர் டீம் சோப் 1.2-ல கட்டிட்டாங்க. கிளையன்ட்டோட பழைய சிஸ்டம் பேசறது 1.1. முதல் டெஸ்ட்லயே 415 எரர், அதாவது "இந்த வடிவத்துல அனுப்பினா வாங்க மாட்டேன்". லாக்கை திறந்து பாத்தா, கிளையன்ட் அனுப்பற கன்டென்ட் டைப் 'டெக்ஸ்ட்/எக்ஸ்எம்எல்', வெண்டர் பக்கம் எதிர்பாக்கறது 'அப்ளிகேஷன்/சோப்+எக்ஸ்எம்எல்'. அதை மாத்தினாலும் என்வலப்போட (செய்தியைச் சுத்தி இருக்கற உறை) நேம்ஸ்பேஸ், அதாவது எந்த வெர்ஷன்னு காட்டற அடையாளம், வேற, மறுபடி அடி வாங்கும். சரி பண்றது பெரிய வேலை இல்ல, யார் செலவுல பண்றதுங்கறதுலதான் ரெண்டு மாச பில் நின்னுபோச்சு.

ரெண்டு பேரும் "நாங்க பண்ணதுதான் ஸ்டாண்டர்ட்"ங்கறாங்க. 1.2 தான் 2003-ல டபிள்யூ3சி (வெப் ஸ்டாண்டர்ட் வகுக்கற அமைப்பு) முறையா பரிந்துரைச்சது, 1.1 அவங்க 2000-ல வெளியிட்ட வெறும் குறிப்புதான். அப்படிப் பாத்தா வெண்டர் சொல்றது சரி. ஆனா இன்னைக்கும் எத்தனையோ பழைய சிஸ்டம் 1.1-லதான் ஓடுது, அந்த வழக்கத்தைப் பாத்தா கிளையன்ட் சொல்றதும் சரி. கான்ட்ராக்ட்டைத் திருப்பித் திருப்பிப் படிச்சாலும் பதில் கிடைக்காது, ஏன்னா யாரும் எழுதவே இல்ல.

அதே கான்ட்ராக்ட்ல ரெண்டு பக்கம் தள்ளி இன்னொரு வரி இருந்துச்சு: "பணியிட வசதிகள் இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்படி வழங்கப்படும்."

இந்த பில் பஞ்சாயத்துக்காக ஒரு நாள் ராத்திரி வெண்டர் ஆபீசுக்கு நேர்லயே போனேன். நைட் ஷிப்ட் சப்போர்ட் டீம், முப்பது பேருக்கு மேல, பாதிக்கு மேல பொண்ணுங்க. அந்த ஃப்ளோர் லேடீஸ் டாய்லெட்ல வேலை நடக்குதுன்னு பலகை வெச்சு அடைச்சிருந்தாங்க. மேல் ஃப்ளோர்ல இருக்கறது வேற கம்பெனியோடது, ஒன்பது மணிக்கு மேல பூட்டிடுவாங்க, சாவி கீழ செக்யூரிட்டி அண்ணன்கிட்ட. கீழ இறங்கி, நோட்டுல பேர் எழுதி, சாவி வாங்கி மேல ஏறணும். தண்ணி கேன் காலியா கவுந்து கிடந்துச்சு. ஒரு பொண்ணு சொல்லுச்சு, "எட்டு மணிக்கு மேல தண்ணியே குடிக்கறதில்ல சார், பழகிடுச்சு." எத்தனை நாளான்னு கேட்டேன், நாலு மாசமாம். கிளையன்ட் வெண்டரைக் கைகாட்டறாங்க, வெண்டர் பில்டிங் மெயின்டனன்ஸை, அவங்க லீஸைப் பாருங்கங்கறாங்க. எனக்கு அன்னைக்கு தூக்கமே வரல.

எல்லா மீட்டிங்லயும் ஒருத்தர் கேக்கறார், "ஸ்டாண்டர்ட்னு போட்டுட்டா எல்லாமே அதுல அடங்கிடும்ல?" அடங்காது சார். அடங்கவே அடங்காது. அந்த வார்த்தை உங்களைக் காப்பாத்தாது, எதிர்த்தரப்புக்கு இஷ்டப்படி அர்த்தம் சொல்ல இடம் குடுக்கும், அவ்வளவுதான். எந்த அமைப்போட, எந்த வருஷத்து, எந்த வெர்ஷன்னு சொன்னாத்தான் அது ஸ்டாண்டர்ட். பேர் இல்லாத ஸ்டாண்டர்டை எதை வெச்சு அளப்பீங்க? வீடு கட்டறப்போ கொத்தனார்கிட்ட "நல்ல அளவுல ஜன்னல் வைங்க"ன்னு சொல்லிட்டு அப்புறம் நாலுக்கு மூணு இல்லையேன்னு சண்டை போட முடியுமா? "லீகல் பாத்திருப்பாங்க"ன்னு டெக் டீம் நினைக்குது, "அனெக்சர் டெக் டீமோடது"ன்னு லீகல் நினைக்குது. கடைசில யாருமே படிக்கல.

வசதி விஷயத்துல எண்ணே இல்லன்னும் சொல்ல முடியாது. 1970 ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்துக்கான 1971 மத்திய விதிகள்லயே 25 பெண்களுக்கு ஒரு கழிப்பறைன்னு தெளிவா இருந்துச்சு. கான்ட்ராக்டர் செய்யலன்னா பிரின்சிபல் எம்ப்ளாயர், அதாவது அந்த ஆளுங்களை வெச்சு வேலை வாங்கற நிறுவனம், செஞ்சு குடுக்கணும்னு அந்தச் சட்டத்தோட 20-வது பிரிவு சொல்லுச்சு. இப்போ 2025 நவம்பர் 21-ல அமலுக்கு வந்த தொழில் பாதுகாப்பு சட்டத் தொகுப்புல 53-வது பிரிவு நலவசதிப் பொறுப்பை நேரா பிரின்சிபல் எம்ப்ளாயர் மேலயே வைக்குது. ஆனா கவனிங்க, வெண்டரோட சொந்த நிரந்தர ஸ்டாஃப் அந்த "ஒப்பந்தத் தொழிலாளர்" வரையறைக்குள்ள வரமாட்டாங்க, அவங்களுக்கு வெண்டர்தான் முதலாளி. ஒரே ஃப்ளோர்ல ரெண்டு வகை ஆளும் உக்காந்திருப்பாங்க, ஹவுஸ்கீப்பிங் அக்காவும் செக்யூரிட்டி அண்ணனும் கூட இருப்பாங்க. அதனாலதான் யாருக்கு யார் பொறுப்புன்னு கான்ட்ராக்ட்லயே பிரிச்சு எழுதச் சொல்றேன்.

இன்டர்ஃபேஸ் அனெக்சர்ல சோப் வெர்ஷனை எழுதுங்க, சர்வீஸ் என்ன கேக்கும், என்ன தரும்னு விவரிக்கற டபிள்யூஎஸ்டிஎல் ஃபைலையே தேதியோட இணைங்க. எத்தனை செகண்டுல டைம்-அவுட், அப்புறம் திரும்ப அனுப்பறது யாரு, ஒரே கிளெயிம் ரெண்டு தடவை போனா எந்தப் பக்கம் தடுக்கணும், எல்லாம் எழுத்துல இருக்கணும், இல்லன்னா ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை பணம் போகும். "எச்டிடிபிஎஸ் இருக்கே, தனியா டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி எதுக்கு"ன்னு கேக்காதீங்க, எச்டிடிபிஎஸ் பூட்டறது போற வழியை, டபிள்யூஎஸ்-செக்யூரிட்டி காப்பாத்தறது செய்தியையே; நடுவுல செய்தியை வாங்கி அனுப்பற கேட்வே இருந்தா அந்த வழி என்க்ரிப்ஷன் பெரும்பாலும் அங்கயே முடிஞ்சுடும். "ரெஸ்ட் புரோட்டோகால்"னும் எழுதாதீங்க, ரெஸ்ட்ங்கறது புரோட்டோகாலே கிடையாது, அது வெப் சர்வீஸ் கட்டற ஒரு வடிவமைப்பு முறை.

வசதி அனெக்சர்ல டாய்லெட் எத்தனை, எந்த ஃப்ளோர், எத்தனை மணி வரைக்கும் திறந்திருக்கும், ரிப்பேர்னா எத்தனை மணி நேரத்துல மாற்று ஏற்பாடு, குடிதண்ணி யார் பொறுப்பு, 50 பேருக்கு மேல இருந்தா குழந்தைகள் காப்பகம் எங்கன்னு போடுங்க. சர்வர் டவுனானா அபராதம் எழுதறீங்கல்ல, டாய்லெட் பூட்டியிருந்தாலும் எழுதுங்க. தயவுசெஞ்சு கையெழுத்துக்கு முன்னாடி ஒருத்தராவது ராத்திரி பதினொரு மணிக்கு அந்த ஃப்ளோருக்குப் போய்ப் பாருங்க, பகல்ல பாத்தா எதுவும் தெரியாது.

இந்த வாரம் உங்க டேபிள்ல ஏதாவது கான்ட்ராக்ட் இருந்தா பிடிஎஃப்ஐ திறந்து "ஸ்டாண்டர்ட்"னு தேடிப் பாருங்க. வர்ற ஒவ்வொரு இடத்துலயும் பக்கத்துல ஒரு பேரோ எண்ணோ இருக்கான்னு பாருங்க. இல்லன்னா திருப்பி அனுப்புங்க, ரெண்டு நாள் லேட்டானாலும் பரவாயில்ல.